தாய்மாமனைச் சுருக்கிய லென்ஸ்

வேலுச்சாமி அண்ணன் துண்டில் சுற்றிக் கொண்டுவந்த படத்தை என் கண்ணாடி மேசை மேல் வைத்தார். வைத்தார் என்றா சொன்னேன்? போட்டார். மேசைக்குள் அடுக்கியிருந்த மாதிரிப் படங்கள் எல்லாம் ஒரு குலுங்கு குலுங்கி நின்றன.

நான் படத்தைப் பார்க்கவில்லை. முதலில் அவர் கையைப் பார்த்தேன், வேறு ஏதாவது வைத்திருக்கிறாரா என்று. அப்புறம் வாசலைப் பார்த்தேன், கூட ஆள் வந்திருக்கிறதா என்று. மேலவெளி வீதிப் பக்கமிருந்து ஒரு குதிரை வண்டி போகிற சத்தம் மட்டும் கேட்டது.

“யோவ் போட்டோக்காரரே, இது யாரு?”

துண்டை விலக்கி, சட்டம் போட்ட படத்தின் மேல் விரலை வைத்தார்.

“பாப்பாண்ணே. தேனு.”

“இது?”

“பாப்பாவோட பெரியப்பா. முத்தையா அண்ணன்.”

“சரி. அந்தா, புள்ள கைக்கு அங்கிட்டு, கொட்டப்பாக்கு கணக்கா ஒரு தல தெரியுதே. அது யாரு?”

நான் படத்தின் மேல் குனிந்தேன்.

“நீங்கதாண்ணே.”

“நாந்தான். தாய்மாமன். சீர்த்தட்டு கொண்டாந்தவன் நானு. கெடா வெட்டுனவன் நானு. புள்ளைய மடியில வெச்சுக் காது குத்த வெச்சவன் நானு. படத்துல மட்டும் எலிக்குஞ்சா? முத்தையா மட்டும் தேர் கணக்கா நிக்கிறான்? யாரு சொல்லி இப்படி எடுத்த?”

“லென்ஸு அப்படிண்ணே...”

“லென்ஸு! வார வெள்ளிக்கெழம மறுபடியும் மதுரைக்கு வாரேன். உண்மையச் சொல்லிரு. இல்லேன்னா இந்தக் கடையில கண்ணாடின்னு ஒண்ணு இருக்காது, பாத்துக்க.”

படத்தை அங்கேயே விட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். போகும்போது வாசலில் கிடந்த என் செருப்பைக்கூட மிதிக்காமல் தாண்டித்தான் போனார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கோபக்காரன் மிதித்துவிட்டுப் போய்விடுவான். தாண்டிப் போகிறவன் யோசித்து வைத்திருக்கிறான் என்று அர்த்தம்.

ஓசியில் வந்த பொருள்

இந்த லென்ஸ் எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

என் மனைவி ராஜாத்திக்கு ஒரே தம்பி. முருகேசன். கப்பலில் சமையல் வேலை. எமர்ஜென்சி எல்லாம் முடிந்து ஊர் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்த காலம் என்று நினைக்கிறேன். ஒரு லீவில் வந்தவன், பிஸ்கட் டப்பா ஒன்றை என் கையில் கொடுத்தான். உள்ளே கைலித் துணியில் பொதிந்து ஒரு லென்ஸ். முன்பக்கக் கண்ணாடி தவளைக் கண்ணைப் போல வெளியே பிதுங்கி நின்றது.

“மச்சான், இது அகலமாப் பாக்குமாம். ஒங்க கேமராவுக்குச் சேரும்னு சொன்னாங்க.”

“பில்லு எங்க மாப்ள?”

அவன் சிரித்தான். “பில்லா? கப்பல்ல ஒருத்தரு போட்டோப் பைத்தியம். மூணு மாசமா அவருக்குக் காரமா மீன் கொழம்பு வெச்சுக் குடுத்தேன். எறங்கும்போது இதக் குடுத்துட்டுப் போயிட்டாரு.”

மீன் குழம்புக்கு லென்ஸா? எந்தப் பைத்தியக்காரன் கொடுப்பான்? ஒன்று, இது திருட்டுப் பொருள். இல்லாவிட்டால் உடைசல். இரண்டும் இல்லை என்றால், பின்னால் வந்து “மச்சான், ஸ்டூடியோவுல எனக்கும் ஒரு பங்கு” என்று கேட்பதற்குப் போட்ட தூண்டில். எனக்கு அப்படித்தான் ஓடியது. அந்தக் காலத்தில் வெளிநாட்டுச் சாமான் வைத்திருக்கிறவன் வீட்டுக்குக் கஸ்டம்ஸ்காரன் வருவான் என்று தெருவே பேசும். நான் லென்ஸை டப்பாவோடு அரிசி டிரம்மில் புதைத்து வைத்தேன்.

என் குணமே அப்படி. எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்குக் காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். கணக்கு வாத்தியார் சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று தோன்றும். சிரிக்காவிட்டால் என் மேல் கோபமாக இருக்கிறார் என்று தோன்றும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே கணக்குப் போடுவது? ஒரு நாள் பையை வீட்டில் வைத்துவிட்டு, ஸ்டூடியோ ஒன்றில் தட்டுக் கழுவப் போய்விட்டேன். தட்டு என்றால் சாப்பாட்டுத் தட்டு இல்லை, படம் கழுவுகிற மருந்துத் தட்டு. அந்த இருட்டு அறையில் யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்க முடியாது. அது பிடித்துப் போயிற்று. அங்கிருந்துதான் பின்னால் சொந்தக் கடை.

லென்ஸ் டிரம்மில் இருப்பதை ஒரு நாள் ராஜாத்தி கண்டுபிடித்தாள். படி போட்டு அரிசி அள்ளும்போது ‘ணங்’ என்று தட்டியிருக்கிறது.

“எந்தம்பி குடுத்தத அரிசிக்குள்ள பொதச்சு வெச்சிருக்கீங்களே, மொளைக்கும்னா?”

டப்பாவை வெளியே எடுத்தேன். பழைய பட்டுத்துணியால் அந்தத் தவளைக் கண்ணில் படிந்திருந்த தவிட்டுத் தூசியைத் துடைத்து, விசேஷ வீடுகளுக்குக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிற சின்னக் கேமராவில் திருகிப் பார்த்தேன். திருகு அப்படியே ஒத்து உட்கார்ந்தது. அது எப்படி இவ்வளவு சரியாக உட்காரும் என்று அதற்கும் ஒரு சந்தேகம்.

மரக்குதிரைக்கு ஓய்வு

என் ஸ்டூடியோவில் இருந்த மரக்குதிரையைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். குழந்தையை அதன் மேல் உட்காரவைத்து, பின்னால் படிக்கட்டும் நீரூற்றும் வரைந்த திரையைத் தொங்கவிட்டு, நான் பெரிய கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் போதும், குழந்தை வீறிடும். தலையில்லாத மனுசனைப் பார்த்தால் அழாமல் என்ன செய்யும்?

அகல லென்ஸில் இந்தத் தொந்தரவே இல்லை. இது தூரத்தில் நிற்க விடாது. குழந்தையின் முழங்கை தொடுகிற தூரத்துக்குப் போனால்தான் படத்தில் குழந்தை என்று ஒன்று தெரியும். கிட்டே போனதும் குழந்தை என்ன செய்யும்? பிதுங்கிய கண்ணாடியில் தன் மூஞ்சி தெரிகிறதே என்று பார்க்கும். பார்த்துச் சிரிக்கும். சிரித்துக்கொண்டே கையை நீட்டிப் பிடிக்க வரும். அந்த நேரம் பொத்தானை அழுத்தினால் போதும். நீட்டிய கை பூசணிக்காய் போல முன்னால் வந்து நிற்கும், அதற்குப் பின்னால் கண்ணும் பொக்கை வாயும், அதற்கும் பின்னால் சின்னக் கால் ரெண்டு. பார்த்தவன் சிரிக்காமல் இருக்க முடியாது.

பக்கத்து வீட்டுக் குழந்தைகளை எல்லாம் இப்படி எடுத்துக் கடை வாசலில் மாட்டி வைத்தேன். ஒரு குழந்தை நாக்கை நீட்டியது, நாக்கு செருப்பு அளவுக்கு வந்தது. இன்னொன்று கால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியது, அந்த விரலுக்குப் பின்னால் ஆளே தெரியவில்லை.

பிள்ளைகளுக்குப் பிடித்தது. பெற்றவர்களுக்கு?

“ஏங்க, எம்புள்ளைக்கு தல இம்புட்டுப் பெருசாவா இருக்கு?”

ஒரு அம்மா இப்படிக் கேட்டுவிட்டு, படத்தைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டியிருக்கிறார். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டுக் குழந்தையைப் பார்த்தாராம், குழந்தையைப் பார்த்துவிட்டுப் படத்தைப் பார்த்தாராம், கடைசியில் “போட்டோக்காரனைக் கூட்டிட்டு வாங்க, அவன் கண்ணப் பாக்கணும்” என்றாராம். இன்னொரு வீட்டில், கண்ணேறு படாமல் இருக்கக் கன்னத்தில் வைத்த மைப்பொட்டு படத்தில் உருண்டு திரண்டு வந்துவிட்டது. “பொட்டே இம்புட்டு பெருசுன்னா, எம்புட்டுப் பெரிய கண்ணு பட்டிருக்கும்!” என்று அந்த வீட்டில் உடனே மிளகாய் சுற்றிப் போட்டார்கள்.

ஆளாளுக்கு ஒரு சந்தேகம். எனக்கு ஒரு பக்கம் ஆறுதலாகக்கூட இருந்தது. நான் மட்டும் இல்லை, ஊரே இப்படித்தான்.

கரிசல்காட்டுக் காதுகுத்து

டி. கல்லுப்பட்டியைத் தாண்டி உள்ளே ஒரு ஊர். பருத்தி எடுக்கிற காலம். வழியெல்லாம் செடியில் பஞ்சு வெடித்து நின்றது. பொன்னுத்தாயி என்கிற பெண்ணின் மகள் தேனுவுக்கு மொட்டையெடுத்துக் காது குத்து. தேனுவுக்கு அப்போதுதான் தத்தித் தத்தி ஓட வந்திருந்தது. வேலுச்சாமி அண்ணன் பொன்னுத்தாயிக்கு அண்ணன். தாய் தகப்பன் இல்லாத தங்கச்சியைத் தூக்கி வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர். முத்தையா அண்ணன் பொன்னுத்தாயியின் புருசனுக்கு அண்ணன். ரைஸ்மில் வைத்திருக்கிறவர். படம் எடுக்க என்னைக் கூப்பிட்டு வைத்தது அவர்தான்.

விசேஷ வீட்டில் படம் எடுக்கிறவனுக்கு வெளிச்சத்தைவிட முறை முக்கியம். காதுகுத்து என்றால் தாய்மாமன்தான் நடுநாயகம். மாமன் மடியில்தான் பிள்ளை உட்காரும். மாமனுக்கு இந்தப் பக்கம் யார், அந்தப் பக்கம் யார் என்று கேட்டு, கேட்டதை இன்னொரு தடவை கேட்டு நிறுத்துவேன். அன்றைக்கும் அப்படித்தான். சாதா லென்ஸில் குடும்பப் படம் நல்லபடியாக எடுத்து முடித்தேன். வேலுச்சாமி அண்ணன் நடுவில் மாலையோடு மலை மாதிரி உட்கார்ந்திருந்தார். அதில் ஒரு குறையும் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஆசாரி தங்கக் கம்பியோடு வந்தார். தேனு அழுத அழுகையில் மைக் செட்டையே நிறுத்திவிட்டார்கள். வாழைப்பழம் கொடுத்துப் பார்த்தார்கள், சீனியை வாயில் போட்டுப் பார்த்தார்கள். மாமன் மடியில் சந்தன மொட்டையோடு அது துள்ளித் துள்ளி அழுதது.

எனக்குப் பிள்ளை அழுதால் தாங்காது. அகல லென்ஸை மாட்டிக்கொண்டு மண்டி போட்டு அதன் மூஞ்சிக்கு நேராகப் போனேன். அழுகை பாதியில் நின்றது. கண்ணாடிக்குள் ஒரு மொட்டைத் தலை! தேனு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கையை நீட்டியது. “தேனு, இங்க பாரு, பெரியப்பாவப் பாரு” என்று முத்தையா அண்ணன் பக்கவாட்டில் குனிந்தார். பிள்ளை சிரித்தது. நான் அழுத்தினேன்.

என் கண் பிள்ளை மேல் இருந்தது. ஓரத்தில் யார், பின்னால் யார் என்று பார்க்கவில்லை. இந்த லென்ஸுக்கு ஒரு குணம் உண்டு. கிட்டே இருப்பதை ஊதிவிடும், பின்னால் இருப்பதைச் சுருக்கிவிடும், ஓரத்தில் நிற்கிறவனை இழுத்து அகலமாக்கிவிடும். மடியில் வைத்திருந்த மாமன், பிள்ளையின் கைக்குப் பின்னால் சுருங்கிப் போனார். ஓரத்தில் குனிந்த பெரியப்பா, தோளும் தலைப்பாகையும் மீசையுமாக விரிந்துவிட்டார்.

கழுவியதும் எல்லாப் படங்களையும் முத்தையா அண்ணன் கடைக்கே வந்து பார்த்தார். குடும்பப் படத்தைப் பார்த்தார். இதைப் பார்த்தார். இதை மறுபடியும் பார்த்தார்.

“இதப் பெருசாப் போட்டு, சட்டம் கட்டி ரெண்டு குடுங்க. ஒண்ணு நம்ம வீட்டுக்கு. ஒண்ணு புள்ளையோட மாமன் வீட்டுக்கு.”

அப்போது அவர் லேசாகச் சிரித்தாரா, பீடிப் புகைக்குக் கண்ணைச் சுருக்கினாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். சில நாள் சிரித்தார் என்று தோன்றும். சில நாள் புகை என்று தோன்றும்.

பொதுவான இடம்

வியாழக்கிழமை மத்தியானம் பொன்னுத்தாயி கடைக்கு வந்தாள். இடுப்பில் தேனு. காதில் புதுக் கம்மல், தலையில் முள்ளுமுள்ளாகப் புதுமுடி.

“அண்ணே, நீங்க வேணும்னே எடுத்தீங்களா?”

கேட்ட குரலில் கோபமே இல்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

“சத்தியமா இல்ல தாயி.”

“எனக்குத் தெரியும். எங்கண்ணனுக்குத்தான் தெரியல.” பிள்ளையை இறக்கிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். “படம் வந்த அன்னைக்கு டீக்கடையில எவனோ கேட்டிருக்கான், ‘என்ன வேலுச்சாமி, புள்ள ஒன்னைய உள்ளங்கையில ஒளிச்சு வெச்சிருச்சாமே’ன்னு. அம்புட்டுத்தான். நேரா எங்க வீட்டுக்கு வந்து, ‘என்னைய அசிங்கப்படுத்தத்தான் இதப் போட்டு அனுப்புனீங்க’ன்னு சத்தம். எங்க மாமனாரு வீட்டுல சும்மா இருப்பாகளா? ‘எங்கள நம்பாதவன் வீட்டு வாசப்படிய நீ மிதிக்கக் கூடாது’ன்னுட்டாக. அண்ணன் எங்க வீட்டுக்கு வராது. நான் அங்கிட்டுப் போகக் கூடாது. எனக்கு அது ஒரு வீடுதாண்ணே பொறந்த வீடு. வேற யாரு இருக்கா?”

கண்ணாடி உடைந்தால் மாற்றிவிடலாம். இதற்கு என்ன செய்ய?

“நாளைக்கு அண்ணன் இங்க வருதாமே. நானும் வாரேன். ஒங்க கடைதான் இப்ப பொதுவான எடம். ஆசுபத்திரிக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்துருவேன்.”

அவள் போன பிறகு எனக்குப் புதுக் கவலை பிடித்துக்கொண்டது. இவளுக்கு நிஜமாகவே தானாகத்தான் வரத் தோன்றியதா? முத்தையா அனுப்பி வைத்தாரா, நான் என்ன உளறுகிறேன் என்று பார்க்க? ராஜாத்தியிடம் சொன்னேன்.

“அந்தப் புள்ள கண்ணுல தண்ணி நின்னுச்சா இல்லையா?”

“நின்னுச்சு.”

“அப்புறம் என்ன? ஒங்களுக்கு யாரு எதக் குடுத்தாலும், யாரு எதச் சொன்னாலும் பில்லு வேணும்.”

இது முருகேசனுக்காகக் குத்திய குத்து என்று தெரிந்தது.

வெள்ளிக்கிழமை வேலுச்சாமி அண்ணன் வந்தார். உள்ளே தங்கச்சி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார்.

“ஓ. கூட்டா?”

“அண்ணே, நான்...”

“நீ பேசாத ஆத்தா. போட்டோக்காரரே, ஆள் வெச்சுப் பேசுறீரோ?”

லென்ஸைக் காட்டி, கிட்டே இருப்பது ஊதும், பின்னால் இருப்பது சுருங்கும் என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரலே எனக்குப் பொய் மாதிரிக் கேட்டது. அவர் முகம் அசையவில்லை.

“மிஷினு மேல பழியப் போடாத. மிஷினுக்கு மாமன் யாரு, மச்சான் யாருன்னு தெரியுமா? அழுத்துனவனுக்குத்தான் தெரியும்.”

என்ன நினைத்துச் செய்தேனோ, கழுத்தில் கிடந்த கேமராவைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். கொடுத்த அடுத்த நொடியே, ஐயோ, தரையில் அடித்துவிட்டால்? வாரை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டேன்.

“நீங்களே பாருங்கண்ணே. ஒங்க இஷ்டத்துக்கு யார வேணாலும் பாருங்க. இந்தா இதுதான் பொத்தான்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இதிலும் ஏதோ சூது என்று நினைத்திருக்க வேண்டும். ஆனாலும் கேமராவைக் கண்ணில் வைத்துவிட்டார். கேமராவைக் கையில் கொடுத்தால் வைக்காத மனுசன் உண்டா? வெளிச்சத்துக்காகப் பொன்னுத்தாயியை வாசலுக்கு வெளியே வெயிலில் நிற்கச் சொன்னேன்.

“என்ன இவ, இம்புட்டுத் தூரத்துல நிக்கிறா?” என்றார் கண்ணை எடுக்காமல். அவள் தெருவின் இந்தப் பக்கம்தான் நின்றாள்.

அதற்குள் தேனு மாமனைக் கண்டுகொண்டது. எத்தனை நாளாகப் பார்க்காத மாமன்! அம்மாவின் சேலையை விட்டுவிட்டு, “மாமா” என்று தத்தித் தத்தி ஓடி வந்தது. வந்த வேகத்தில் அந்தத் தவளைக் கண்ணைப் பிடிக்கக் கையை நீட்டியது. வேலுச்சாமி அண்ணன் ‘ஏ ஏ ஏ’ என்று பின்வாங்கினார். சிரித்துவிட்டார் என்று நினைக்கிறேன். விரல் தானாகவே அழுத்திவிட்டது. ‘க்ளக்’ என்ற சத்தம் எனக்கும் கேட்டது, அவருக்கும் கேட்டது.

சிவப்பு வெளிச்சத்தில்

“கழுவும்போது நானும் உள்ள வாரேன். நீ பென்சில வெச்சு என்னமாச்சும் பண்ணிப்புடுவ.”

அது வாஸ்தவம். அந்தக் காலத்தில் நெகட்டிவில் பென்சில் வைத்து டச் பண்ணி, கறுப்பைச் சிவப்பாக்குவோம், கிழவரை வாலிபராக்குவோம். ஊருக்கே தெரிந்த சங்கதி. அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

பிலிம் கழுவுகிறவரை கும்மிருட்டு. என் மேல் கோபமாக இருக்கிற ஒரு ஆளோடு, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, மூச்சுக்காற்று மேலே படுகிற இடைஞ்சலில் நின்றிருந்தேன். அவர் சட்டையில் பருத்தி வாசனையும் பஸ்ஸின் டீசல் வாசனையும் அடித்தது. நான் மருந்துத் தட்டை ஆட்டிக்கொண்டே கதவுத் தாழ் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மனதில் குறித்து வைத்துக்கொண்டேன்.

ஃபேன் காற்றில் பிலிம் காய்ந்த பிறகு, சிவப்பு விளக்கைப் போட்டு, பேப்பரை மருந்தில் விட்டேன். அவர் தட்டின் மேல் குனிந்தார்.

“ஒண்ணுமே இல்லையே. வெள்ளப் பேப்பரு.”

“வரும்ண்ணே.”

முதலில் வந்தது ஒரு உள்ளங்கை. பேப்பரில் பாதியை அடைத்துக்கொண்டு, ரேகை ரேகையாக. அப்புறம் கம்மல். அப்புறம் பல் முளைத்தும் முளைக்காத வாய். அவர் தானாகச் சிரித்தார். “கழுத, எப்படி வருது பாரு.” அதற்குப் பிறகுதான் மெதுவாக, பிள்ளையின் காதோரத்தில், ஒரு சின்னப் புள்ளி கறுத்துக்கொண்டு வந்தது. தலை வந்தது. சேலை வந்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சுண்டுவிரல் உயரத்தில் பொன்னுத்தாயி நின்றாள்.

வேலுச்சாமி அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டார். மருந்துக்குள் கிடந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எந்தங்கச்சியவா இப்படி ஆக்கிட்டேன்?” என்றார். என்னிடம் கேட்ட மாதிரி இல்லை. தட்டின் மேல் இன்னும் குனிந்து, “இத எடுக்க எனக்கு எவன்யா சொன்னான்?”

நான் படத்தை எடுத்து அடுத்த தட்டில் விட்டேன். வாயைத் திறந்தால் எதையாவது கெடுத்துவிடுவேனோ என்ற பயம்.

வெளியே வந்தபோது பொன்னுத்தாயி பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள். தேனு தூங்கிப் போயிருந்தது. அவர் மன்னிப்பு அது இது என்று எதுவும் கேட்கவில்லை. ஈரப் படத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையால் பிள்ளையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டார்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு. வா வீட்டுக்கு.”

“எந்த வீட்டுக்குண்ணே?”

“நம்ம வீட்டுக்குத்தான். சாப்ட்டு, பொழுது சாய நானே ஒன்னையக் கொண்டாந்து ஒங்க வீட்டுல விடுறேன். முத்தையாகிட்ட நான் பேசிக்கிறேன்.”

பொன்னுத்தாயி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, செருப்பைத் தேடினாள். வாசல் வரைக்கும் போன வேலுச்சாமி அண்ணன் திரும்பி வந்தார். நான் கேமராவை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். மேசை மேல் அவர் அன்று போட்டுவிட்டுப் போன சட்டம் போட்ட படம் அப்படியே கிடந்தது. அதைக் குனிந்து பார்த்தார்.

“யோவ். முத்தையா மூஞ்சியும் கோணலாத்தான்யா இருக்கு.”

அதையும் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். இந்தத் தடவை என் செருப்பை நன்றாக மிதித்துவிட்டே போனார்.

முன்னுக்கு வா

அடுத்த லீவில் முருகேசன் வந்தபோது எங்கள் மகள் கலாவுக்குக் காது குத்தினோம். மேலூர்ப் பக்கம் எங்கள் குலசாமி கோயிலில், ஆலமர நிழலில். முருகேசன் வெள்ளைச் சட்டை போட்டு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். எல்லாம் முடிந்து கலா விசும்பிக்கொண்டிருந்தபோது, அகல லென்ஸை மாட்டிக்கொண்டு கிட்டே போனேன்.

கண்ணை வைத்துப் பார்த்தால், பின்னால் கொட்டைப்பாக்கு மாதிரி முருகேசன். அவன் எப்போதும் அப்படித்தான் உட்காருவான் என்று அப்போதுதான் கவனித்தேன். என் வீட்டுக்கு வந்தால் நாற்காலி நுனியில், முதுகைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, எந்த நேரமும் எழுந்து போகத் தயாரான மாதிரி. லென்ஸ் கொடுத்த அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான்.

“மாப்ள, முன்னுக்கு வா.”

“இருக்கட்டும் மச்சான்.”

“வாய்யா. பிள்ள கன்னத்தோட கன்னத்த வெச்சுக்க.”

“எதுக்கு மச்சான்?” என்றான். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். மச்சான் ஏன் திடீரென்று இப்படிப் பிரியமாகப் பேசுகிறார், இதில் என்ன இருக்கிறது என்று யோசிக்கிற குரல்.

“ஒண்ணுமில்ல மாப்ள. ஒன் லென்ஸு. அது அப்படித்தான்.”

அவன் முன்னால் வந்தான். கலா கண்ணாடிக்குள் ரெண்டு மூஞ்சியைப் பார்த்துவிட்டு, ஒரு கையால் மாமன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மறுகையை என்னிடம் நீட்டியது.

அந்தப் படம் இன்னும் வீட்டில் இருக்கிறது. முருகேசன் மூக்கு கத்தரிக்காய் அளவுக்கு வந்திருக்கிறது. ராஜாத்தி அதைப் பார்க்கும் போதெல்லாம், “எந்தம்பிய இப்படிக் கோமாளியாக்கிட்டீங்களே, இது வேணும்னே எடுத்ததா, இல்ல லென்ஸா?” என்று கேட்பாள்.

வேணும்னேதான் என்று சொல்வேன். அவள் நம்புவதில்லை.